வால்வுப் பெட்டியின் கனம்

மார்ச் 9, ஞாயிறு. வத்தலக்குண்டு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்றுக் கச்சேரி முடிந்ததும் கிட்டார் பெட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். மைக்செட்காரர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, வீட்டுல சம்சாரம் இருக்காகல்ல?" என்றார்.

"இருக்கா. ஆனா இவ்வளவு நல்லாப் பாட மாட்டா" என்றேன்.

இதைப் படிக்கப்போகிறவளும் அவள்தான். "ஊர் ஊராப் போய் போன்ல கதை அளந்து என் தூக்கத்தக் கெடுக்காதீக, எழுதி வையுங்க, வந்ததும் படிக்கிறேன்" என்று ஜவுளிக்கடையில் ஓசியில் கொடுத்த டைரியைப் பையில் வைத்து அனுப்பினாள். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மீதிப் பாதியை அவள்தான் படித்தாள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும்.

முத்தம் சும்மா கொடுக்கவில்லை. அமுதவல்லி அக்கா இன்னிசைக் குழுவில் சாமான் ஏற்றி இறக்குவது என் வேலை. அதில் முக்கியமான சாமான் இஞ்ஞாசி மாஸ்டரின் கிட்டார் பெட்டி. மற்ற குழுக்காரர்கள் வைத்திருப்பதுபோல் பிளாஸ்டிக் டப்பா இல்லை இது. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டதும் பேசாது. சூடேற வேண்டும். பின்பக்கக் கம்பி வலைக்குள் கங்கு மாதிரி வெளிச்சம் வரும். அதற்குப் பிறகு ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டவன் பிளாஸ்டிக் டப்பாவைக் காயலான் கடையில் போட்டுவிடுவான்.

உள்ளே இருப்பது கண்ணாடி. நாங்கள் போவது நத்தம் ரோடு, போடி ரோடு, சில ஊரில் ரோடே கிடையாது. போன வருஷம் வேகத்தடைக்கு ஒரு வால்வு என்று உடைந்துகொண்டிருந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒன்றுகூட உடையவில்லை. நான் தூக்குகிற தூக்கு அப்படி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் இந்தப் பெட்டியைத் தூக்கித்தான் என் இடுப்பு விலகியது. பத்துக் கிலோவுக்கு மேல் தொடக்கூடாது என்றார் டாக்டர். நான் சிறுமலை வைத்தியரிடம் ஒரு எண்ணெய் வாங்கித் தேய்த்தேன். வாரத்துக்கு வாரம் பெட்டி லேசாகிக்கொண்டே வருகிறது. இப்போது ஒற்றைக் கையில் தூக்குகிறேன். அந்த டாக்டர் எதிரில் வந்தால் அவரையும் சேர்த்துத் தூக்குவேன்.

மார்ச் 15, சனி. சின்னாளபட்டி

கீபோர்டு வாசிக்கிற நவ்ஷாத் வேனில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இந்த எண்ணெய்ல என்னதாண்ணே இருக்கு? ஆடு ஏதும் செத்துக் கெடக்கா?"

"அதுல இருக்கறது பலம். உனக்கு வாசம் பிடிக்காது. உன் கையைப் பாரு, முருங்கைக்காய்க்கு மோதிரம் போட்ட மாதிரி."

வேனே சிரித்தது. மாஸ்டர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு. உசிலம்பட்டி

மாஸ்டருக்கு ஒரு வினோதப் பழக்கம் வந்திருக்கிறது. மேடையில் ஒயர் மாட்டும் நேரம் வந்தால் "காளை, ஒரு டீ" என்று என்னை அனுப்பிவிடுகிறார். வாங்கி வந்தால் குடிப்பதில்லை. ஆறிய டீயை நான்தான் குடிக்கிறேன். நான் மைக்கைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு நேரே நிறுத்திவைத்தால், "அருமையா வெச்ச" என்று தட்டிக்கொடுக்கிறார். முன்னெல்லாம் ஒரு விரல் தள்ளியிருந்தாலும் திட்டுவார். வயசானால் மனுஷன் கனிந்துவிடுகிறான்.

இன்று திருவிழாக் கமிட்டி ஆள் ஒருவர் பெட்டியைப் பார்த்து, "இது என்னப்பா, பழைய டிவியா?" என்றார். வால்வு சத்தத்துக்கும் மற்ற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வால்வு எது என்று என் காது சொல்லிவிடும் என்றேன். மாஸ்டருக்கு அப்போது இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினார்.

மார்ச் 22, சனி. நத்தம்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா எல்லாரையும் பந்தலுக்குக் கீழே உட்காரவைத்தார். டீசல் கட்டுப்படியாகவில்லை. சித்திரை முடிந்ததும் பெரிய வேனை விட்டுவிட்டுச் சின்ன வண்டி எடுக்கப்போகிறார். டிரம்ஸுக்குப் பதிலாகப் பையில் போடுகிற மாதிரி எலெக்ட்ரானிக் பேட் வந்துவிட்டது.

"அவங்கவங்க சாமான அவங்கவங்க தூக்கிக்கிட்டா தூக்குறதுக்குன்னு தனி ஆளு வேணாம். மாஸ்டர் பெட்டி ஒண்ணுதான் கனம். அதுக்காகத்தான் காளைய வெச்சிருக்கேன். அத என்ன செய்யலாம்னு யோசிக்கிறேன்" என்றார்.

இந்த வயசில் வேறு எங்கே போய் என்ன தூக்குவது? இடுப்பு விலகியவன் என்று ஊருக்கே தெரியும். யார் வேலை கொடுப்பார்கள்?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் பலத்தைக் காட்டினால் அக்கா விடமாட்டார் அல்லவா? நேராகப் போய்ப் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கினேன். தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு சுற்றும் சுற்றிக் காட்டினேன்.

மாஸ்டர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

அக்கா கண்ணைச் சுருக்கினார். "அவ்வளவு லேசாவா இருக்கு?"

"எனக்கு லேசுக்கா!"

"அப்ப நவ்ஷாத்தே தூக்கிருவான் போல இருக்கே."

மாஸ்டர் ஓடிவந்து நடுவில் நின்றார். "இல்லம்மா, கனம் பெருசில்ல, பக்குவம்தான் பெருசு. உள்ள கண்ணாடி. தெரியாத கை பட்டா போச்சு."

"பார்ப்போம்" என்றார் அக்கா. அவர் பார்ப்போம் என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

மார்ச் 23, ஞாயிறு

எண்ணெய் இரண்டு தடவை தேய்த்தேன்.

மார்ச் 29, சனி. ஒட்டன்சத்திரம்

எழுதவே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் மேடையில் பெட்டியை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் வரவில்லை. வழக்கம்போல மாஸ்டர் டீ சொல்லியிருந்தார். நான் கிளம்புவதற்குள் அவர் முகம் கழுவப் போயிருந்தார். வால்வு ஒன்று போய்விட்டது, அவர் வருவதற்குள் எதுவென்று பார்த்துவைத்தால் என் அருமை அக்காவுக்குத் தெரியும் என்று நினைத்தேன். பெட்டியைத் தொட நான், திறக்க அவர் என்பது எங்களுக்குள் சட்டம். முதல்முறையாகச் சட்டத்தை மீறிப் பின்பக்க வலையைக் கழற்றினேன்.

உள்ளே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை. வால்வு இல்லை. வால்வு நிற்கிற இரும்புத் தட்டு இல்லை. செங்கல் கணக்காக இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அவை இல்லை. ஸ்பீக்கர்கூட இல்லை, அது இருந்த வட்ட ஓட்டைதான் இருந்தது. நடுவில் ஒரு ஹோல்டர், அதில் ஒரு ஜீரோ வாட் பல்பு, அதைச் சுற்றி மிட்டாய்க் காகிதம் மாதிரி ஆரஞ்சுத் தாள். பல்பும் ஃபியூஸ்.

திருட்டு! என் பொறுப்பில் இருந்த பெட்டியை எவனோ உருவிக்கொண்டு போயிருக்கிறான். மாஸ்டருக்கு என்ன பதில் சொல்வேன்? வலையை மூடிவிட்டேன். வாயையும் மூடிவிட்டேன்.

மாஸ்டர் வந்து ஒயரை மாட்டினார். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். நான் மேடைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது கிட்டார் ஊமையாகப்போகிறது, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்.

கிட்டார் பாடியது. அதே சத்தம். கூட்டம் விசில் அடித்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஜீரோ வாட் பல்புகூட எரியாத வெறும் பெட்டிக்குள்ளிருந்து பாட்டு வருகிறது! காலையில் முனியாண்டி கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அவ்வளவு சக்தியை நான் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு. திண்டுக்கல்

சாமி இல்லை. நவ்ஷாத்.

காலையில் அவனைத் தனியாக டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். திருட்டு என்றேன். அவன் பன்னை டீயில் நனைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். பன் உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது.

"அண்ணே... உங்களுக்கு நிசமாவே தெரியாதா?"

"என்னது?"

"சத்தம் அந்தப் பெட்டியிலேருந்து வரலண்ணே. மாஸ்டர் கால்கிட்ட சோப்பு டப்பா சைசுல ஒண்ணு இருக்கும்ல? அதுல வால்வு சத்தத்தக் காப்பியடிச்சு வெச்சிருக்காய்ங்க. அதுலேருந்து நேரா மைக்செட் மிக்சருக்குப் போயிரும். பெட்டி சும்மா பார்வைக்கு."

"எப்போ இருந்து?"

"பொங்கல்லேருந்து. மொத ஸ்பீக்கரக் கழட்டுனாரு. அடுத்த வாரம் ஒரு டிரான்ஸ்ஃபார்மரு. அப்புறம் இன்னொண்ணு. ஒரே நாள்ல கழட்டுனா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு ஒண்ணொண்ணா..."

வாரத்துக்கு வாரம் லேசாகிக்கொண்டே வந்தது.

"அப்போ எண்ணெய்?" என்று கேட்டேன். ஏன் அதை முதலில் கேட்டேன் என்று தெரியவில்லை.

நவ்ஷாத் தலையைக் குனிந்துகொண்டான். "நல்ல வாசம்ணே."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அப்புறம் உங்களுக்கு."

ஏப்ரல் 2, புதன்

நவ்ஷாத் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, மாஸ்டர் மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி. வேடசந்தூர்

என்னை மூன்று மாதமாகக் கோமாளியாக்கியிருக்கிறார்கள். மற்றவர்களைக் கோமாளியாக்குவது என் தொழில். அந்தத் தொழிலை என்னிடமே காட்டிவிட்டார்கள். வேனில் யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் வந்ததில் டிரைவர் பயந்து, "அண்ணே, ஆஸ்பத்திரிப் பக்கம் விடவா?" என்று கேட்டான்.

ஆனாலும் வயிறு இருக்கிறதே. பெட்டி லேசு என்று அக்கா நம்பினால் என் வேலை போச்சு. எனவே இன்று பெட்டியை இறக்கும்போது முக்கினேன். முனகினேன். பாதி வழியில் கீழே வைத்து நெற்றியைத் துடைத்தேன்.

அக்கா நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். "என்ன காளை, அன்னைக்கு நத்தத்துல தலைக்கு மேல சுத்துன?"

"எண்ணெய் தீந்துபோச்சுக்கா."

மாஸ்டருக்கு மறுபடியும் இருமல் வந்தது. நான் முறைத்தேன். நின்றுவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய். திண்டுக்கல்

நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே கைகாட்டினார். கேட்க வந்தது மறந்துபோனது.

கவிழ்த்துவைத்த அண்டாவின்மேல் அது உட்கார்ந்திருந்தது. இரும்புத் தட்டு, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், வரிசையாக வால்வுகள், ஒவ்வொன்றும் குஞ்சு விளக்கு மாதிரி எரிந்துகொண்டு. ஸ்பீக்கரைப் பழைய டிவி ஸ்டாண்டின் கதவில் முடுக்கியிருந்தார். சட்டை இல்லாமல் நிற்கிற மனுஷனைப் பார்த்ததுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏன் மாஸ்டர் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தூக்குவ."

உண்மைதான். தூக்கியிருப்பேன்.

"வால்வும் நம்ம ரோட்டுக்குத் தாங்கல, நீயும் தாங்கல. ரெண்டுல ஒண்ண வீட்டுல வெக்கணும்னு ஆயிருச்சு. உன்ன வீட்டுல வெச்சா உன் சம்சாரம் எம் மேல கல்ல விட்டு எறியும். அதான் இத வெச்சேன்."

"பெட்டிய மட்டும் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"பெட்டி வரலேன்னா நீ எதுக்குன்னு அம்மா கேப்பாங்கல்ல?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

பிறகு வீம்புக்குக் கேட்டேன். "அப்ப அந்த சோப்பு டப்பாவே போதும்தானே? சத்தம் ஒண்ணுதான. எனக்கே வித்தியாசம் தெரியலயே."

மாஸ்டர் கிட்டாரை எடுத்தார். முதலில் சோப்பு டப்பாவில் ஒரு வரி வாசித்தார். எல்லாம் சரியாக இருந்தது. மேடையில் கேட்கிறதேதான். அதே வரியை வால்வில் மாட்டி வாசித்தார்.

எனக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தோசையின் ஓரம் மொறுகி வருமே, ஒவ்வொரு சுரத்துக்கும் அப்படி ஓர் ஓரம் இருந்தது. மெதுவாகத் தொட்டால் முணுமுணுத்தது. அழுத்தினால் சண்டைக்கு வந்தது. டப்பா சொன்னதைச் சொல்கிறது. இது பதில் பேசியது. அண்டா அதிர்ந்தது, எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்தது. இந்தக் காதை வைத்துக்கொண்டா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்?

"மேடையில வாசிக்கும்போது உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியுதா மாஸ்டர்?"

"தெரியுது."

"தினமுமா?"

"தினமும்தான். வாசிக்கிறவனுக்குத் தெரியாம இருக்குமா?" கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மொத ரெண்டு மாசம் கைக்கு ருசியே இல்ல. இப்பப் பழகிப்போச்சு. உக்காரு, டீ போடுறேன். இந்தத் தடவ நெசமாவே டீ."

கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது. இன்று எண்ணெய் தேய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 12, சனி. போடி

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

வேன் நின்றதும் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பெட்டி காலி."

"எந்தப் பெட்டி?"

"மாஸ்டர் பெட்டி. பொங்கல்லேருந்து நான் வெறுங்காத்தத் தூக்கிக்கிட்டிருக்கேன்."

முழுவதையும் சொன்னேன். அக்கா பிடித்திருந்த கைக்கண்ணாடி முகத்துக்கு நேரே அப்படியே நின்றது. பொட்டு விரலிலேயே இருந்தது.

"அப்ப மூணு மாசமா என் மேடையில ஜீரோ வாட் பல்புக்கு மைக் வெச்சிருக்கீங்க?"

"ஆமாக்கா."

"மைக் வெச்சது யாரு?"

"நான்தான்க்கா. நல்லா நேரா வெச்சேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று எனக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அடி தள்ளி நின்றேன்.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்ற? சொன்னா உன் வேலைதான் போகும், தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. மாஸ்டருக்கு அவர் பெட்டி திரும்ப வேணும். அது இல்லாம கைக்கு ருசி இல்லேங்கிறாரு. தூக்குறதுக்கு ஒரு இளவட்டப் பயலப் பாத்துக்கங்க. நான் எங்கயாச்சும் வாட்ச்மேனாப் போயிக்கிறேன்."

அக்கா பொட்டை வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"இளவட்டப் பய வந்தா மேடைக்கு முன்னால நின்னு போன்ல படம் புடிப்பான். வால்வுக் கண்ணாடி என்ன ஆச்சுன்னு எவன் பாப்பான்? வெல்டிங் பட்டறையில சொல்லிச் சக்கரம் வெச்ச வண்டி ஒண்ணு செய்யச் சொல்றேன். அடியில மெத்த போட்டுக்க. உள்ள உள்ளத எல்லாம் திரும்ப மாட்டச் சொல்லு. நீ தள்ளு, தூக்காத."

"சரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது நடப்பது அபூர்வம்.

"ஆனா ஒண்ணு" என்றார் அக்கா. "இந்தக் கமிட்டிக்காரங்க 'அசல் வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்'னு போஸ்டர்லயே போட்டிருக்காங்க. இன்னைக்கு மட்டும் அது காலின்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சுதோ, வண்டியும் கிடையாது, நீயும் கிடையாது."

"செத்தாலும் தெரியாதுக்கா" என்றேன்.

பெட்டியை இறக்கினேன். வேடசந்தூரில் முனகியது ஒத்திகை என்றால் இதுதான் கச்சேரி. முழங்கால் மடங்கியது. முகம் சிவந்தது. பந்தல் வாசலில் வாழைமரத்துக்குக் கீழே பெட்டியை வைத்துவிட்டு, "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்தேன். அவ்வளவு நன்றாக நடித்திருக்கக்கூடாது. கமிட்டித் தலைவருக்கு மனசு தாங்கவில்லை.

"ஏப்பா, வயசான மனுசன் ஒத்தையாத் தூக்குறாரு, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாங்கப்பா!"

கபடி விளையாடுகிற உடம்பில் மூன்று பேர் வந்தார்கள்.

"வேணாம்யா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். மரியாதைக்குச் சொல்வதாக நினைத்தார்கள். நான் ஒரு மூலையில் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"கனம் ஜாஸ்திடா, தம் கட்டுங்கடா! ஒண்ணு... ரெண்டு... தூக்கு!"

தூக்கினார்கள். பெட்டி அவர்கள் கையை விட்டு மேலே போனது. கீழே வரவில்லை. வாழைத்தாரில் மேல்நோக்கி நின்ற ஒரு சீப்பில் தோல் கைப்பிடி மாட்டிக்கொண்டு தொங்கியது. மூன்று பேரும் பின்னால் சரிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்டி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நவ்ஷாத் திரும்பி நின்றுகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

கமிட்டித் தலைவர் மேலே பார்த்தார். "என்னம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்லையா?"

அக்கா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காளையும் ஒரு கை வெச்சிருந்தான்ல?" என்றார் அக்கா. "அவன் கை வெச்சா அப்படித்தான். எத்தன தடவ சொன்னாலும் அளவு தெரியாது."

மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்து, "அடேயப்பா!" என்றார். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ஏணி வந்தது. நானே ஏறிப் பெட்டியை விடுவித்தேன். அப்போது வாழைத்தார் தனியாக இறங்கிக் கமிட்டித் தலைவரின் செருப்பின்மேல் விழுந்தது. செருப்புக்குள் அவருடைய கால் இருந்தது.